ஈரநீலம்

"மேல எது, கீழ எதுமா?"
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார் தேசிங்கு.
ஞாயிற்றுக்கிழமை. ராணிப்பேட்டை சிப்காட்.
நாங்கள் உள்ளே இருப்பது
கேட்டிலிருக்கும் கலீமுல்லாவுக்கு மட்டும் தெரியும்.

தகடு என்னுடையது. துத்தநாகம், ஒரு முழ அகலம்.
அதில் நான் எதையும் வரையவில்லை.
தார் பூசினேன்.
தார் காய்வதற்குள் மேல்விஷாரம் பக்கம் போய்
பாலாற்று மணலில் குப்புறப் போட்டு
முதுகின் மேல் சைக்கிளை ஏற்றி இறக்கினேன்.
மணல் கடித்த இடத்தில் தார் விட்டது.
அப்புறம், உப்பும் கந்தக அமிலமும்
வெளியேறும் வடிகாலில்
கம்பி கட்டித் தொங்கவிட்டேன்.
இருபத்திரண்டு நாள்.

அதே வடிகாலில் தினமும் காலை
குப்பியில் நீரெடுத்து அளப்பது என் சம்பள வேலை.
அமிலம் இவ்வளவு, உப்பு இவ்வளவு, குரோமியம் இவ்வளவு.
எண்ணாகவே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு
ஆறாவது வருஷம் ஒரு சந்தேகம்:
இந்தத் தண்ணீரின் கையில் எதையாவது கொடுத்தால்
அது என்ன எழுதும்?

மை, லாங் பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவரிடம் வாங்கியது.
மிஞ்சிய மையைத் துடைக்க
ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் காயத்துணி, நான்கு சுருள்.
"யாருக்கு அடி?" என்றார் கடைக்காரர்.
நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அச்சடிக்கும் எந்திரம் என்னிடம் இல்லை.
இங்கிருப்பது தோல் அழுத்தி.
ஆட்டுத்தோலில் முதலையின் செதில்களைப் பதிக்கும்.
பதினெட்டு வருஷமாக
ஆடுகளை முதலைகளாக மாற்றி
ஏற்றுமதிக்கு அனுப்புகிறார் தேசிங்கு.

முதல் தாள் போனது.
சூடு இறங்கும் முன்னே அழுத்திவிட்டோம்.
நனைந்த தாள் சுர்ரென்று ஆவி விட்டு
தோசைக்கல்லில் முதல் தோசை போல
கிழிந்துதான் வந்தது.
மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.
அவர் வேர்க்கடலை உரித்தார்.
நான் தகட்டை மறுபடி துடைத்தேன்.

நீலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
குரோமியம் குடித்த தோலுக்கு இங்கே வெட் புளூ என்று பெயர்.
தொட்டால் ஈரம். பார்த்தால் நீலம்.
பாலாற்றுக்கு இரண்டும் இல்லை.
செதுக்கு எந்திரத்தின் அடியில் குவிந்த
நீலத்தூளை ஒரு கைப்பிடி அள்ளி, கூழில் குழைத்து
தகட்டின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தேன்.
எங்கே இழுக்க வேண்டும் என்று
யோசிக்கவில்லை என்றால் பொய்.

இரண்டாவது தாள் முழுசாக வந்தது.
கீழே கருப்பு, மேடும் பள்ளமுமாக.
சைக்கிள் போன தடம் கரையைப் போல வளைந்திருந்தது.
அமிலம் ஓட்டை போட்ட இடங்களில் மை இல்லை.
தாள் மட்டும் வெள்ளைக் கொப்புளமாக எழும்பியிருந்தது.
நீலம் பாதி வழி வந்து நின்றுவிட்டது.
அதற்கு மேலே, வானம் என்று நான் நினைத்திருந்த சாம்பலில்
இந்த முனையிலிருந்து அந்த முனை வரை
மங்கலாகச் செதில்கள்.

"ஐயோ, முதலைத் தகட்டக் கழட்ட மறந்துட்டேன்மா.
வேற அடிச்சிடலாம்."
வேண்டாம் என்றேன்.
"இன்னாதான் இது?"
"நிலம்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.
"கேட்ல நெலம் கிலம்னு சொல்லாத.
சாம்பிள்னு சொல்லு."

கலீமுல்லா சாம்பிளை விரித்தார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.
ஒரு வெள்ளைக் கொப்புளத்தை
விரலால் தடவினார், அழுத்தாமல்.
"போர் போட்ட எடமா?" என்றார்.
பதிலுக்குக் காத்திராமல்
வெளியே போகும் சரக்குப் பதிவேட்டை இழுத்து எழுதினார்:

அமலோற்பவம், லேப்.
ஈரத் தாள், ஒன்று.
திரும்பி வராது.

அந்த வரியின் ஓரத்தில்
அவருடைய விரல் ரேகை, கருப்பில்,
பத்திரிகை மை.